மூணு சவரிமுத்துவும் ஒரு ஈரலும்

ரத்த வங்கியில் வேலை பார்ப்பவளைத் தேடி யாரும் சும்மா நலம் விசாரிக்க வருவதில்லை. வருகிறவர் ஒன்று பதறிக்கொண்டு வருவார், இல்லை பதுங்கிக்கொண்டு வருவார். பதறுகிறவருக்கு ரத்தம் வேண்டும். பதுங்குகிறவரைக் கொடுக்கச் சொல்லி யாரோ இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த ரத்த வங்கியில் தொண்ணூறுகளில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். வீடு பேகம்பூர், பெயர் ஜமீலா. வாங்கிய சம்பளத்துக்கு அந்தப் பெயரை ஒருத்தராவது சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். எல்லாருக்கும் நான் "சிஸ்டர்"தான். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீசியன் என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். "சரிங்க சிஸ்டர்" என்பார்கள்.

விரலை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் தொடுவதற்கு முன்னாலேயே "ஆ" என்று கத்திய என் அருமைச் சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குத்து வாங்கியது நீங்கள் மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சாயம்

முதல் வருஷத்தில் சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு சாயப்பட்டறைக்காரர் வந்தார். அவர் தங்கச்சிக்குப் பிரசவம், ரத்தம் கொடுக்க வந்திருந்தார். முழங்கை வரைக்கும் பச்சையும் ஊதாவுமாக இருந்தது. நரம்பு எது, சாயம் எது என்று தெரியாமல் செத்த நேரம் தடவித் தடவிப் பார்த்தேன். மனுஷன் ஊசிக்குப் பயப்படவே இல்லை. பையில் ரத்தம் ஏறுவதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல அரக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஊசியை எடுக்கும்போது ஒரு சொட்டு அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்துவிட்டது. நான் பதறிப்போய்ப் பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனேன். அவர் என் கையை மறித்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "விடும்மா. எங்க பட்டறைச் சாயம் ஒரு தண்ணிக்குத் தாங்காது. இது பாரு, ஆயுசுக்கும் நிக்கும்."

பொட்டலம்

இனிமேல் சொல்லப் போவதெல்லாம் ஒரே குடும்பத்துக் கதை. வருஷம் ரெண்டாயிரத்துக்கு அப்புறம், சட்டைப் பைக்கு ஒரு செல்போன் வந்துவிட்ட காலம். புஷ்பம் டீச்சர் என்று ஒருத்தர் எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஆரம்பப் பள்ளி டீச்சர். தொண்டையைத் திறந்தால் ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவும் 'ஆ' பிரிவும் சேர்ந்து அடங்கும், அப்படி ஒரு குரல். ஈரல் சுருங்கிப் போய், வயிற்றில் நீர் கோத்து, ஒரு நாள் வகுப்பிலேயே ரத்தமாக வாந்தி எடுத்துவிட்டார். பார்க்க வந்த அத்தனை பேரும் "வீட்டுக்காரர் குடிப்பாரோ?" என்று கேட்டார்கள். "அவரு குடிச்சா எனக்கு எப்பிடிய்யா ஈரல் கெடும்?" என்று படுக்கையிலிருந்தே பாடம் நடத்தினார்.

வீட்டுக்காரர் பெயர் சவரிமுத்து. கல்யாணத்துக்குப் பாத்திரம், நாற்காலி, பந்தல் வாடகைக்கு விடுகிற தொழில். அவர் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற மாதிரி. மனைவிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மனுஷன் நேராகக் கறிக்கடைக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி, வாழை இலையில் பொட்டலம் கட்டி, ஈரம் சொட்டச் சொட்ட என் மேசையில் கொண்டு வந்து வைத்தார். ஈரல் தின்றால் ரத்தம் ஊறும் என்று யாரோ சொன்னார்களாம். "வறுத்துக் கொண்டாரவா, இல்ல சூப்பு வைக்கவா சிஸ்டர்?" என்றார். யா அல்லாஹ், டெஸ்ட் பண்ணுகிற மேசை அது! பொட்டலத்தையும் ஆளையும் வார்டுக்கு விரட்டினேன்.

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். வார்டே கேட்கும்படி சொன்னார்: "ஏ மனுசா, உள்ள இருக்கிற ஈரலே கெட்டுப் போயிக் கெடக்கு. இன்னொரு ஈரல எங்க கொண்டு போயி வைக்கச் சொல்ற?"

கூப்பிட்டால் மூன்று பேர்

டீச்சருக்கு பி பாசிட்டிவ். சவரிமுத்துவுக்கும் பி பாசிட்டிவ். "ஒரே குரூப்பு, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று கையை நீட்டினார். குரூப் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. கொடுக்கிறவர் ரத்தத்தையும் வாங்குகிறவர் ரத்தத்தையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கலந்து, கடைசியாக ஒரு மருந்து விட்டுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பொருந்தினால் கலங்கலாக ஒரே சீராக நிற்கும். பொருந்தாவிட்டால் பால் திரிகிற மாதிரி கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். திரிந்ததை ஏற்றினால் ஆளுக்கே ஆபத்து. பல இடங்களில் அந்தக் கடைசி மருந்தைச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். எங்கள் டாக்டரிடம் அது நடக்காது.

சவரிமுத்துவின் குழாய் திரிந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. குழாய் மாறியிருக்கும், வேறு யாரோ ஒருத்தர் ரத்தத்தில் இவர் பெயர் எழுதிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து "சவரிமுத்து!" என்று கூப்பிட்டேன். பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்து நின்றார்கள். என்னைப் பார்த்துக் கேலி பண்ணுகிறார்களா என்று எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. "நோயாளியோட சொந்தக்காரர் சவரிமுத்து மட்டும் வாங்க" என்றேன். மூன்று பேரும் ஒரு அடி முன்னால் வைத்தார்கள். "அப்பா பேரோட சொல்லுங்க" என்றேன். அதற்குள் நடுவில் நின்ற மீசைக்காரர் சல்யூட் அடிக்காத குறையாக விறைத்துக்கொண்டு விளக்கினார்:

"எங்க தாத்தா பேரு சவரிமுத்து. அவருக்கு மூணு மகன். மூணு பேரும் மூத்த பயலுக்கு அப்பன் பேர வச்சுட்டாங்க. ஊருக்குள்ள நான் மிலிட்டரி சவரி, அவரு தோட்டத்துச் சவரி, இந்தா நிக்கிறது பாத்திரச் சவரி. உங்களுக்கு எந்தச் சவரி வேணும் சிஸ்டர்?"

மூன்று குழாய்

சந்தேகம் வேண்டாம் என்று மூன்று பேரிடமும் புதிதாக ரத்தம் எடுத்தேன். குழாய்களில் பாத்திரம், மிலிட்டரி, தோட்டம் என்று எழுதி ஒட்டினேன். மூன்று பேருமே பி பாசிட்டிவ். பாத்திரம் திரிந்தது. மிலிட்டரி திரிந்தது. தோட்டமும் திரிந்தது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் குழாயை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். மூன்று என்றேன். "அப்பச் சரிதான்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரத்தச் சிவப்பணு மேல் குரூப்பைத் தவிர இன்னும் பல அடையாளங்கள் உண்டு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பிறக்கும்போதும், அப்பனிடம் வாங்கி வந்த ஓர் அடையாளத்தோடு அதன் ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்தில் கலந்துவிடும். அம்மாவிடம் அந்த அடையாளம் இல்லை என்றால், அவள் உடம்பு "யார்றா இது புதுசா?" என்று ஆன்டிபாடி தயார் பண்ணி வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளைக்கு அது இன்னும் உறுதியாகும். அதற்கப்புறம் அதே அடையாளத்தோடு எந்த ரத்தம் உள்ளே வந்தாலும் அடித்து விரட்டும். தாத்தா சவரிமுத்து பேரன்களுக்குப் பெயரோடு சேர்த்து அந்த அடையாளத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைப் போய் டீச்சரிடம் பக்குவமாகச் சொன்னேன். அவருக்கு வேறு ரத்தம் தேட வேண்டுமே, பயந்துவிடப் போகிறாரே என்று எனக்குக் கவலை. டீச்சருக்கு முகமெல்லாம் வெளிச்சம். தலையணையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வாசலில் நின்ற பாத்திரச் சவரியைக் கை நீட்டிக் காட்டினார்: "கல்யாணம் ஆனதுலருந்து நானும் இதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், இவரோட எனக்கு ஒத்து வரலன்னு. ஒருத்தராச்சும் காதுல வாங்குனாங்களா? இப்ப டெஸ்ட்டே சொல்லிருச்சு, பாத்துக்கங்க!"

கீரனூர் வேன்

டீச்சருக்குப் பிறந்த ஊர் பழனிப் பக்கம் கீரனூர். அண்ணன் அந்தோணி அங்கே விவசாயம். தகவல் போனதும் ஒரு வேன் நிறைய ஆள்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரை சாப்பிடுகிறவர். அவரிடம் எடுக்க முடியாது என்றேன். "என்னுங்கம்மணி, கூடப் பொறந்தவனையே வேண்டாம்ங்கறீங்க" என்று முறைத்துக்கொண்டு, வேனில் வந்தவர்களை ஒவ்வொருத்தராக உள்ளே தள்ளினார். அதில் பாதிப் பேர் பொருந்தினார்கள். டீச்சர் உடம்பில் ரத்தம் ஏறி, உதட்டில் நிறம் வந்தது.

அந்தோணி வராந்தாவில் பாத்திரச் சவரி பக்கத்தில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங் மாப்பிள்ளை," என்று ஆரம்பித்தார், "பொண்ணக் குடுத்தோமுங்க, பாத்திரம் பண்டம் குடுத்தோமுங்க, இப்ப ரத்தமும் குடுத்தாச்சுங்க. உங்க பக்கத்துல இருந்து இன்னும் எங்க புள்ளைக்கு ஒண்ணும் வரக் காணோமுங்களே!"

வராந்தாவில் ஒரு கேள்வி

அந்தோணி விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் பாத்திரச் சவரிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஏனென்றால் அடுத்த வாரமே டாக்டர் சொல்லிவிட்டார், ரத்தம் ஏற்றி ஏற்றி ஓட்ட முடியாது, சென்னைக்குப் போய் ஈரலையே மாற்றினால்தான் டீச்சர் பிழைப்பார் என்று. உயிரோடு இருக்கிற ஒருத்தர் தன் ஈரலில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்கலாமாம். கொடுத்தவருக்கும் வளர்ந்துவிடுமாம், வாங்கியவருக்கும் வளர்ந்துவிடுமாம். யார் கொடுப்பது? அண்ணனுக்குச் சர்க்கரை. மூத்த மகளுக்குத் தலைப் பிரசவம் நெருங்குகிறது. அடுத்தவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், கொடுக்கிற வயசு வரவில்லை. கடைக்குட்டி இன்னும் பள்ளிக்கூடம். மிச்சம் இருந்தது சவரிமுத்து ஒருத்தர்தான்.

அன்று மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தார். அவ்வளவு பேசாத மனுஷன் இவ்வளவு பேசி நான் அன்றுதான் கேட்டேன். டீச்சர் இல்லாத வீட்டில் தனக்கு விளக்குச் சுவிட்ச் எது என்றுகூடத் தெரியாது என்றார். அவள் வைகிற சத்தம் இல்லாமல் ஒரு வாரமாகத் தூக்கம் வரவில்லை என்றார். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். மனுஷன் கண்ணைத் துடைக்கவும் இல்லை, கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டார்: "சிஸ்டர், என் ரத்தம் ஒரு சொட்டு பட்டாலே திரியிற ஒடம்பு அது. அதுக்குள்ள என் ஈரல வச்சா ஏத்துக்கிருமா, இல்ல அதையும் வெரட்டிருமா?"

டாக்டர் சொன்ன ஜாதி

சென்னைக்குப் போனார்கள். அங்கே டீச்சர் ரத்தத்தையும் சவரிமுத்துவின் வெள்ளை அணுக்களையும் வைத்து ஒரு சோதனை பண்ணினார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு வெள்ளை அணுவுக்கு எதிராகவும் ஆன்டிபாடி இருக்கலாமாம். எதற்குப் பயந்தோமோ அதேதான் வந்தது. இருக்கிறது, ஆனால் ரொம்ப இல்லை என்று பதில். அந்தோணி எனக்கு ஃபோன் பண்ணி, "முடிஞ்சு போச்சுங்களா அம்மணி?" என்று கேட்டார். நாள் முழுக்கப் பொருத்தம் பார்க்கிற எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பாடம்தான்: திரிந்தால் கொடுக்காதே.

எங்கள் டாக்டர் சென்னை டாக்டரோடு ஃபோனில் ரொம்ப நேரம் பேசினார். நான் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபோனை வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் சிரித்தார். குரூப் பொருந்துகிறது, அதுதான் முதல் காரியம். மற்ற ஆன்டிபாடியை ஈரல் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும், மருந்து கொடுத்து கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள், ஆபரேஷன் பண்ணலாம் என்றார். "அப்ப கிட்னி மாத்துறப்ப மட்டும் ஏன் சார் இதுக்கு அம்புட்டுப் பயப்படுறாங்க?" என்று கேட்டேன்.

"கிட்னி ரோஷக்கார ஜாதிம்மா, ஒரு சொல் பொறுக்காது. ஈரல் குடும்பஸ்தன். எம்புட்டு வஞ்சாலும் வாங்கிக்கிட்டு வேலையப் பாக்கும்."

பாத்திரச் சவரியின் ஈரல்தானே, அதற்குப் பழக்கம் இருந்திருக்கும்.

பந்தியில் உட்காராதவர்

இடையில் ஒரு வில்லங்கம் வந்தது. சவரிமுத்துவின் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, குறைத்துக்கொண்டு வந்தால்தான் வெட்டி எடுக்க முடியும் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். படியாமல் என்ன செய்யும்? பாத்திரம் போகிற கல்யாணம் எல்லாவற்றிலும் முதல் பந்தி அவருக்குத்தான். அண்டா கழுவி வண்டியில் ஏற்றும்போது மிச்ச லட்டும் அவருக்குத்தான். டீச்சருக்கோ வயிறு வீங்கிக்கொண்டே போகிறது. இன்னொரு தடவை ரத்தம் கக்கினால் தாங்காது என்று டாக்டர் கையை விரித்தார். மனுஷன் வெயிலென்றும் பார்க்காமல் பைபாஸ் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது பார்ப்பேன். ரெண்டு பக்கமும் மிலிட்டரி சவரியும் தோட்டத்துச் சவரியும் நடப்பார்கள். மிலிட்டரி மட்டும் "லெஃப்ட், ரைட்" சொல்லிக்கொண்டு போவார்.

ஆவணி மாசம், ஊரெல்லாம் கல்யாணம். என் சின்னாத்தா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நிக்காஹ். பிரியாணி அண்டாவெல்லாம் இவர் கடையிலிருந்துதான் வந்திருந்தது. தம் பிரித்து மூடியைத் தூக்கினார்கள். தெரு முனை வரைக்கும் மணம். சவரிமுத்து ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ரெண்டு வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பொண்ணைப் பெத்த அத்தா பதறிப் போய், "என்னண்ணே, எங்க வீட்டுச் சாப்பாட்டுல எதும் குறையா?" என்று கையைப் பிடித்து இழுத்தார். சவரிமுத்து எழுந்து நின்று, வெள்ளரிக்காயைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சுக்கங்க பாய். ஈரல எங்க வீட்டம்மாவுக்குக் கொடுக்கிறதாச் சொல்லிட்டேன். அவ பொருளு இது, அதுல நான் கொழுப்பு ஏத்தக் கூடாது."

கோயிலில் ஓர் அறிவிப்பு

ஆபரேஷனுக்கு டீச்சருக்குப் பொருந்துகிற ரத்தம் நிறைய வேண்டும், ஆள்களைத் தயார் பண்ணி வையுங்கள் என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். டீச்சர் ரத்த மாதிரியை என்னிடம் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் குழாயில் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். டீச்சர் புகுந்த ஊர் சர்ச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலில் அறிவித்தார். பி பாசிட்டிவ், ஓ பாசிட்டிவ் உள்ளவர்கள் வரலாம். சவரிமுத்து தாத்தா வகையறா மட்டும் தயவுசெய்து வர வேண்டாம். மிலிட்டரி சவரிக்கு மானம் போய்விட்டது. மறு நாள் காலையிலேயே என் முன்னால் வந்து நின்று, "நாட்டுக்கே ரத்தம் குடுத்தவன் சிஸ்டர் நான்" என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் திரிந்தது.

எங்கள் பேகம்பூரிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரரும் வந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு எதிர் வார்த்தை இல்லாமல் அந்த மனுஷனால் டீ குடிக்க முடியாது. அவர் ரத்தம் டீச்சரோடு என்னமாய்ப் பொருந்தியது என்கிறீர்கள்! குழாயில் ஒரு புள்ளி இல்லை. பொறாமையில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "பாத்துக்க ஜமீலா, டீச்சர் மாதிரி படிச்சவங்களோட எல்லாம் நான் நல்லாத்தான் ஒத்துப் போறேன்."

சென்னையிலிருந்து ஒரு ஃபோன்

ஆபரேஷன் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ரெண்டு பேரையும் அடுத்தடுத்த தியேட்டரில் படுக்க வைத்திருக்கிறார்கள். ஈரல் உள்ளே போய், அது விரட்டப்பட்டால் டீச்சர் இல்லை. இடையில் கையில் பொருந்துகிற ரத்தம் தீர்ந்தாலும் டீச்சர் இல்லை. நான் பார்த்து அனுப்பிய ஒவ்வொரு குழாயும் கண் முன்னால் வந்து போனது. மதிய லுஹர் தொழுகையில் டீச்சருக்காகக் கேட்டேன். சவரிமுத்துவுக்கும் சேர்த்துக் கேட்டேன். பெயரைச் சொன்னதும் மூன்று பேர் முகமும் வந்துவிட்டது, இருக்கட்டும் என்று மூவருக்கும் கேட்டேன்.

ஈரல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். நம்பாமல் காத்திருந்தேன். ரெண்டு மூன்று நாள் கழித்து மிலிட்டரி சவரி ஃபோன் பண்ணினார். ரத்தம் கொடுக்க முடியாத குறைக்கு, சென்னையில் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கரடுமுரடான குரல் உடைந்து உடைந்து வந்தது. "சிஸ்டர், மதினி நல்லாப் பேசுது. வாயில இருந்த கொழாய எடுத்ததும் மொத வார்த்தை என்னா சொல்லுச்சு தெரியுமா? 'ஏ தம்பி, எங்க வீட்டுக்காரர இனிமே பந்தியில உக்காரச் சொல்லு. என் பங்கு எனக்கு வந்துருச்சு.'"

மறுபடியும் ஒரு குழாய்

பல மாதம் கழித்து டீச்சர் என் ரத்த வங்கிக்கு நடந்தே வந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்றில் வீக்கம் இல்லை. பின்னாலேயே பாத்திரச் சவரி, கையில் மருந்துப் பையோடு. நான் டீச்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. அவர் என்னைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "அழுததெல்லாம் போதும், எங்க ரெண்டு பேருக்கும் மறுபடியும் ஒரு தடவ பாரு. இப்ப இவரு ஈரல்தான உள்ள இருக்கு, ரத்தமும் சமாதானம் ஆயிருக்கும்ல" என்றார். சவரிமுத்து அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். பார்த்தேன். சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். பழைய மாதிரியே கட்டி கட்டியாகத் திரிந்திருந்தது. சவரிமுத்துவின் முகம் தொங்கிப் போனது.

"அட, திரிஞ்சாத் திரிஞ்சுட்டுப் போகுது, விடுங்க" என்று டீச்சர் அவர் மடித்த கையைத் தானே இறக்கிவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். ஐந்தாம் வகுப்பு ரெண்டு பிரிவையும் அடக்குகிற அந்தக் குரலை நான் அவ்வளவு தணிவாகக் கேட்டதே இல்லை:

"முந்தியெல்லாம் கோவம் வந்தா இந்த மனுசன வாய்க்கு வந்தபடி வைவேன் ஜமீலா. இப்பவும் வையத்தான் செய்றேன். ஆனா வாயத் தொறக்கும்போதே கை தன்னால போயி வயித்தப் பொத்திக்கிருது, உள்ள இருக்கிறதுக்குக் கேட்றக் கூடாதுன்னு."

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரரை வரவழைத்து, ஆசைக்கு என் ரத்தத்தையும் அவர் ரத்தத்தையும் ஒரு குழாயில் விட்டுப் பார்த்தேன். அது ஒரு குறையும் இல்லாமல் அருமையாகப் பொருந்தியது, வீட்டில்தான் இன்னும் ரிசல்ட் வந்தபாடில்லை.